கல்லூரிக் காலத்தில் தன் காலில் நிற்கப் பழகுவது எப்படி?

பன்னிரண்டாம் வகுப்பு முடியும் வரை ஒரு பிள்ளையின் வெளிவேலைகளைப் பெரும்பாலும் வேறு யாராவதுதான் பார்த்துக்கொள்கிறார்கள். சாதிச் சான்றிதழுக்காக இ-சேவை மையத்தில் வரிசையில் நிற்பவர் அப்பா. பள்ளிக்குக் கட்ட வேண்டிய பணத்தைக் கொண்டுபோய்க் கொடுப்பவர் அம்மா. எந்தப் பாடப்பிரிவு நல்லது என்று ஆசிரியரிடம் விசாரிப்பவர் மாமா. கல்லூரியில் சேர்ந்த மறுநாளே இந்த வேலைகள் எல்லாம் தாமாகப் பிள்ளையின் கைக்கு வந்துவிடும் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். ஆனால் கேட்டு வாங்கினால் ஒழிய அவை பழைய கைகளிலேயே தங்கிவிடுகின்றன. பட்டத்தோடு வெளியே வந்த பிறகும் வங்கிப் படிவம் ஒன்றை நிரப்ப அண்ணனைத் துணைக்கு அழைத்துப் போகிறவர்களை நாம் பார்ப்பதற்குக் காரணம் இதுதான்.

என் கணிப்பில், கல்லூரி ஒருவரை வளர்ப்பது வகுப்பறையில் நடப்பதைக் காட்டிலும் அலுவலகச் சன்னலின் முன்னும், விடுதி மெஸ்ஸிலும், மன்ற மேடையிலும், ஊருக்குப் போகும் கடைசிப் பேருந்திலும்தான் அதிகமாக நடக்கிறது. தமிழ்நாட்டில் அரசு அல்லது அரசு உதவி பெறும் கலை அறிவியல் கல்லூரி ஒன்றில் சேரும் மாணவரை, அதிலும் குடும்பத்தின் முதல் பட்டதாரியாகப் போகிறவரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். 2021-22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, உயர்கல்வியில் சேர்வோரின் மொத்த விகிதம் (18-23 வயதினரின் எண்ணிக்கையோடு ஒப்பிட்ட கணக்கு) நாடு முழுமைக்கும் 28.4 விழுக்காடு, தமிழ்நாட்டில் 47 விழுக்காடு. இவ்வளவு பேர் கல்லூரிக்குள் வரும்போது, அங்கே எதை எப்படிச் செய்வது என்று வீட்டில் சொல்லித்தர ஆளில்லாதவர்கள் அவர்களுள் பலர் இருப்பது இயல்பே.

முதலில் காகிதங்கள்

உங்கள் சான்றிதழ்கள் இப்போது எங்கே இருக்கின்றன என்று கேட்டால், "வீட்டில் பீரோவில் இருக்கும்" என்பதுதான் பலரின் பதில். சேர்க்கை முடிந்த வாரத்திலேயே அந்தக் கோப்பை உங்கள் பொறுப்பில் எடுத்துக்கொள்ளுங்கள். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ்கள், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், ஆதார், வங்கிப் பாஸ்புக், முதல் பட்டதாரி சான்றிதழ் பெற்றிருந்தால் அதுவும், எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும். ஒவ்வொன்றையும் ஸ்கேன் செய்து மின்னஞ்சலில் ஒரு படியும், அரசின் மின்னணு ஆவணப் பெட்டகமான டிஜிலாக்கரில் கிடைப்பவற்றை அங்கே ஒரு படியும் வைத்துக்கொள்ளுங்கள். கல்லூரி எந்தெந்த அசலை வாங்கி வைத்துக்கொண்டது என்பதைத் தேதியுடன் கோப்பின் உள்ளட்டையில் எழுதி வையுங்கள். மூன்று ஆண்டு கழித்து இந்தக் குறிப்புக்கு வேலை வரும்.

கோப்பு கைக்கு வந்தவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை, உங்கள் பெயரை எல்லாச் சான்றிதழ்களிலும் ஒப்பிட்டுப் பார்ப்பது. நம் ஊரில் முன்னெழுத்துப் படுத்தும் பாடு கொஞ்சமன்று. மதிப்பெண் சான்றிதழில் 'கவிதா செ' என்றும், ஆதாரில் 'செ. கவிதா' என்றும், வங்கியில் அப்பாவின் முழுப்பெயர் சேர்ந்து 'கவிதா செல்வராஜ்' என்றும் இருந்தால், உதவித்தொகை ஒரு மாதம் வராமல் நிற்கும்போதுதான் அந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியும். மதிப்பெண் சான்றிதழில் திருத்தம் செய்வது நெடிய வேலை; ஆதாரிலும் வங்கியிலும் மாற்றுவது ஒப்பளவில் எளிது. ஆகவே மதிப்பெண் சான்றிதழில் உள்ள பெயரையே அளவுகோலாகக் கொண்டு மற்றவற்றை அதற்கு ஏற்பத் திருத்திவிடுங்கள். திருத்தத்துக்கு நீங்களே போங்கள். கூட வருகிறேன் என்று அப்பா சொன்னால் வரட்டும், ஆனால் சன்னலில் பேசுவது நீங்களாக இருக்கட்டும்.

அடுத்தது போனஃபைடு சான்றிதழ். இன்னார் இந்தக் கல்லூரியில் இந்த ஆண்டு படிக்கிறார் என்று முதல்வர் கையொப்பமிட்டுத் தரும் ஒரு பக்கத் தாள்தான் அது. வங்கி, உதவித்தொகை, பேருந்து அட்டை என்று ஏதாவது ஒன்றுக்கு அது கேட்கப்பட்டுக்கொண்டே இருக்கும். அதை வாங்கும் வழியைத் தெரிந்துகொண்டால் கல்லூரி அலுவலகத்தில் நடக்கும் பெரும்பாலான காரியங்களின் வழியைத் தெரிந்துகொண்டதாகவே ஆகும். வெள்ளைத் தாளில் அனுப்புநர் என்று போட்டு உங்கள் பெயர், வகுப்பு, பதிவெண் ஆகியவற்றை எழுதுங்கள். பெறுநர் என்ற இடத்தில் முதல்வர், கல்லூரியின் பெயர். அதன் கீழே 'வழி' என்று எழுதி வகுப்பு ஆசிரியரையும் துறைத் தலைவரையும் குறிப்பிடுங்கள். பொருள் ஒரே வரியில் இருக்க வேண்டும். உள்ளே, எந்தக் காரணத்துக்காக எந்த அலுவலகத்தில் கொடுக்கச் சான்றிதழ் தேவைப்படுகிறது என்பதை இரண்டு வாக்கியங்களில் சொல்லிவிட்டு, அடையாள அட்டையின் நகலை இணைத்துவிட்டால் போதும். முதலில் வகுப்பு ஆசிரியரின் கையொப்பம், பிறகு துறைத் தலைவர், அதன் பின் அலுவலகம் என்பதே வரிசை. வரிசை மாறினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

அலுவலகத்தில் "நாளைக்கு வா" என்ற பதில் வராமல் இருக்காது. அதைக் கேட்டுத் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பிவந்தால் நாளையும் அதே பதில்தான். "சரிங்க சார், எத்தனை மணிக்கு வரட்டும்? நீங்கள் இல்லாவிட்டால் யாரிடம் கேட்கட்டும்?" என்று பணிவாகக் கேட்டு, பதிலை அவர் கண்முன்பாகவே குறித்துக்கொள்ளுங்கள். குறித்துக்கொள்ளும் மாணவரை அலுவலர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். மறுநாள் சொன்ன நேரத்துக்குப் போய் நின்றால் பெரும்பாலும் வேலை முடியும். குரலை உயர்த்தாமலும் குழையாமலும் தன் தேவையைச் சொல்லும் இந்தப் பழக்கம் எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை. பட்டம் பெற்ற பிறகு தாலுகா அலுவலகத்திலும் மருத்துவமனையிலும் உங்களுக்குத் துணை நிற்கப்போவது இதுதான்.

பதினெட்டு வயது நிறைந்தவுடன் படிவம் 6-ஐ நிரப்பி வாக்காளர் பட்டியலில் பெயரைச் சேர்த்துவிடுங்கள். வாக்குரிமை வயது 21இலிருந்து 18ஆகக் குறைக்கப்பட்டது 61ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தால்; 1989 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. வீட்டில் எல்லோருக்கும் சேர்த்து யாரோ ஒருவர் பார்த்துக்கொள்வார் என்று இதையும் விட்டுவிடாதீர்கள்.

பணம் யார் கையில் இருக்கிறது?

அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கியது. மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்ட் 9 அன்று தொடங்கியது. இரண்டிலும் பணம் மாணவரின் வங்கிக் கணக்குக்கே நேரடியாகச் செல்கிறது. திட்டத்தின் அடிப்படை எண்ணமே அதுதான். ஆனால் பல வீடுகளில் கணக்கு மகளின் பெயரில் இருக்கும், ஏடிஎம் அட்டை அண்ணனின் பையில் இருக்கும், குறுஞ்செய்தி அப்பாவின் கைப்பேசிக்கு வரும். அப்படி இருந்தால் அந்த 1,000 ரூபாய் குடும்பத்துக்கு வந்த வருமானமே ஒழிய உங்களுக்குப் பணம் கையாளத் தெரிந்ததாக ஆகாது.

இதைச் சண்டையாக்க வேண்டியதில்லை. வீட்டில் கஷ்டம் இருந்தால் அந்தப் பணத்தில் ஒரு பங்கை வீட்டுக்குக் கொடுப்பதில் தவறும் இல்லை. "அட்டை என்னிடம் இருக்கட்டும், மாதம் இவ்வளவு நான் வீட்டுக்கு எடுத்துத் தருகிறேன், மீதிக்குக் கணக்கு எழுதிக் காட்டுகிறேன்" என்று கேட்டால் பெரும்பாலான பெற்றோர் ஒப்புக்கொள்வார்கள். கணக்குக் காட்டுவது என்பது கண்காணிப்புக்கு உட்படுவது போலத் தோன்றலாம். முதல் ஆறு மாதங்களுக்கு அதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒழுங்காக எழுதப்பட்ட நோட்டைப் பார்த்த பிறகு அதைத் திரும்பக் கேட்கும் பெற்றோர் அரிது.

வீட்டிலிருந்து பணம் வருவதாக இருந்தால் தேவைப்படும்போதெல்லாம் தொலைபேசியில் கேட்டு வாங்கும் வழக்கத்தை விட்டுவிட்டு, மாதத்துக்கு ஒரே முறை ஒரே தொகையாக வாங்கிக்கொள்ளுங்கள். இருபதாம் தேதிக்குள் தீர்ந்துவிட்டால் மீதிப் பத்து நாள்களை எப்படியாவது ஓட்டுவதுதான் அந்த மாதத்துப் பாடம். உடல்நலத்துக்கான அவசரச் செலவுக்கு மட்டும் இந்த விதியைத் தளர்த்தலாம். நோட்டில் எழுதும்போது 'இதர செலவு' என்ற தலைப்பே வேண்டாம். காசு ஒளிந்துகொள்ளும் இடம் அதுதான். டீ, ஜெராக்ஸ், ரீசார்ஜ், நண்பனுக்குக் கொடுத்தது என்று அதனதன் பெயரிலேயே எழுதுங்கள். நண்பனுக்குக் கொடுத்தது என்ற வரி மாதந்தோறும் வளர்ந்துகொண்டே போனால் அது கணக்குப் பிரச்சினை இல்லை, 'இல்லை' என்று சொல்லத் தெரியாத பிரச்சினை.

ஓர் எச்சரிக்கையை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். "உன் வங்கிக் கணக்கை ஒரு மாதம் கொடு, கமிஷன் தருகிறேன்" என்று கேட்டு மாணவர்களை அணுகுவோர் இருக்கிறார்கள். இணைய மோசடியில் திருடிய பணத்தைக் கைமாற்றுவதற்கு அந்தக் கணக்குகள் பயன்படுகின்றன. கணக்கு முடக்கப்படும்போதும் காவல்துறை தேடி வரும்போதும் அகப்படுவது கணக்குக்கு உரியவர்தான். கணக்கு, ஏடிஎம் அட்டை, உங்கள் பெயரில் வாங்கிய சிம் அட்டை ஆகிய மூன்றையும் எவ்வளவு நெருங்கிய நண்பர் கேட்டாலும் கொடுக்காதீர்கள். இணைய மோசடியில் பணத்தை இழந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். செயலி வழிக் கடன்களைப் பற்றி விளக்கவே வேண்டாம், தொடாதீர்கள்.

பகுதிநேர வேலைக்குப் போகலாமா என்பது பலரின் கேள்வி. சுழற்சி முறையில் நடக்கும் கல்லூரிகளில் அரைநாள் மிச்சமாவதால் துணிக்கடையிலும் உணவு விநியோகத்திலும் முகூர்த்த நாள்களில் கல்யாண மண்டபப் பந்தியிலும் மாணவர்கள் வேலை பார்க்கிறார்கள். சொந்தமாக உழைத்து வாங்கிய காசைச் செலவழிக்கும்போது வரும் கணக்குணர்வு நோட்டில் எழுதி வருவதில்லை என்பது உண்மை. ஆனால் இரவு முழுக்கப் பந்தி பரிமாறிவிட்டுக் காலையில் முதல் பாட வேளையில் தூங்கினால் அது இருபுறமும் நட்டம். வார இறுதியோடு நிறுத்திக்கொள்வதும், செமஸ்டர் தேர்வுக்கு ஒரு மாதம் முன்பே வேலையிலிருந்து விலகிவிடுவதும் நல்லது.

நேரமும் வருகைப்பதிவும்

பள்ளியில் மணி அடிக்கும், வகுப்புக்குப் போவோம். போகாவிட்டால் வீட்டுக்குச் செய்தி போகும். கல்லூரியில் ஒரு வகுப்புக்குப் போகாவிட்டால் அன்று எதுவும் நடப்பதில்லை. விடுதலை போலத் தோன்றும் இந்த அமைதிதான் முதலாண்டு மாணவரை ஏமாற்றுகிறது. பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் தேர்வு எழுத 75 விழுக்காடு வருகை தேவை. செமஸ்டருக்கு 90 வேலைநாள் என்று வைத்துக்கொண்டால் 22 நாள் வரை விடுப்பு எடுக்கலாம். காய்ச்சல், திருவிழா, அக்காள் கல்யாணம், மழை ஆகிய எல்லாவற்றுக்கும் சேர்த்து அந்த 22தான். உங்கள் விடுப்பு நாள்களை நீங்களே குறித்து வாருங்கள். துறை அறிவிப்புப் பலகையில் பட்டியல் ஒட்டப்படும் வரை காத்திருந்தால் சரிசெய்ய நேரமிருக்காது.

பல பாடங்களுக்கு அகமதிப்பீடு 25 மதிப்பெண், செமஸ்டர் தேர்வு 75 மதிப்பெண் என்பதே அமைப்பு. அகமதிப்பீட்டை அலட்சியம் செய்தவர்களே அரியர் பட்டியலில் அதிகம் அகப்படுகிறார்கள். அரியர் விழுந்துவிட்டால் அன்றைக்கே வீட்டில் சொல்லிவிடுங்கள். மறைத்து வைத்தால் அடுத்த செமஸ்டரில் அது இரண்டாகும், மறைப்பதற்கான வேலையும் இரட்டிப்பாகும். மறுகூட்டலுக்கும் மறுமதிப்பீட்டுக்கும் தரப்படும் கால அளவு குறுகியது. தேர்வு முடிவைப் பார்த்த அன்றே கடைசித் தேதியையும் பார்த்துவிட வேண்டும்.

வாயைத் திறப்பது

அரசுப் பள்ளியிலிருந்து வருகிறவருக்குக் கல்லூரியில் மிகப் பெரிய தடை பாடத்தின் கடினம் என்று பலர் கருதுகிறார்கள். நான் பார்த்தவரை, பேசத் தயங்குவதுதான் பெரிய தடை. ஆங்கிலத்தில் தவறாகப் பேசிவிடுவோமோ என்ற அச்சம் நாளடைவில் தமிழிலும் வாய் திறக்காத வழக்கமாக மாறிவிடுகிறது. ஆகையால் தமிழிலேயே தொடங்குங்கள்.

ஒவ்வொரு துறைக்கும் ஒரு மன்றம் இருக்கும்; அது ஆண்டுக்குச் சில கூட்டங்களாவது நடத்தும். அவற்றில் வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை, நன்றியுரை என்ற வரிசை மாறுவதே இல்லை. வரவேற்புரைக்குப் போட்டி இருக்கும். நன்றியுரைக்கு ஆள் கிடைக்காமல் கடைசி நேரத்தில் யாரையாவது பிடித்து நிறுத்துவார்கள். அந்த நன்றியுரையை நீங்களே போய்க் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு நிமிடம், சொல்ல வேண்டிய பெயர்களும் வரிசையும் முன்பே தெரியும், அதற்குள் கூட்டமும் களைத்துப்போய் வீட்டுக்குப் போகும் நினைப்பில் இருக்கும். தப்பு வந்தாலும் யாரும் பொருட்படுத்தப் போவதில்லை. சிறப்பு விருந்தினர் பேசும்போது அவருடைய ஒரு கருத்தைக் குறித்துக்கொண்டு, நன்றி சொல்லும்போது அதை ஒரு வரியில் நினைவுகூர்ந்தால் போதும், அடுத்த கூட்டத்துக்குத் தொகுப்புரை தானாக உங்களைத் தேடி வரும். இரண்டாம் ஆண்டில் வகுப்புக் கருத்தரங்கில் ஒரு பாடப்பகுதியை நீங்கள் நடத்துங்கள். அதைப் பாதி ஆங்கிலத்தில், தாளைப் பார்த்தாவது, சொல்லிப் பாருங்கள். மூன்றாம் ஆண்டில் தாள் இல்லாமல் பேச வரும்.

நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேர்வதையும் இந்தப் பழக்கத்தோடு சேர்த்தே சொல்கிறேன். காந்தி நூற்றாண்டையொட்டி 1969 செப்டம்பர் 24 அன்று தொடங்கப்பட்ட அந்தத் திட்டத்தில் ஏழு நாள் சிறப்பு முகாம் என்ற ஒன்று உண்டு. ஏதோ ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் தங்கி, வரிசையில் நின்று சாப்பிட்டு, தெரியாத வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கணக்கெடுப்புக் கேள்விகளைக் கேட்கும் அந்த ஏழு நாள்கள், வீட்டை விட்டு ஓர் இரவுகூடத் தங்கியிராத, வெளியூரிலிருந்து தினமும் பேருந்தில் வந்துபோகும் மாணவருக்குப் பெரிய அனுபவம். விடுதியில் இடம் கிடைக்காதவர்கள் இதைத் தவறவிட வேண்டாம். முகாமுக்கு அனுப்ப வீட்டில் தயங்கினால் திட்ட அலுவலரான பேராசிரியரைப் பெற்றோரிடம் பேசச் சொல்லலாம். அவர்களுக்கு இது பழகிப்போன வேலை.

விடுதி

அரசின் நலத்துறை விடுதிகளில் உணவுக்குத் தனிக் கட்டணம் இல்லை. கல்லூரிகள் நடத்தும் விடுதிகள் பலவற்றில் பகிர்வு முறை, அதாவது மாணவர் வழக்கில் 'டிவைடிங்', இருக்கும். அதன் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது. ஒரு மாதத்து மெஸ் செலவு 1,52,000 ரூபாய் என்றும், அந்த மாதம் ஒவ்வொரு மாணவரும் சாப்பிட்ட நாள்களை எல்லாம் கூட்டினால் 1,600 என்றும் கொள்வோம். ஒரு நாளுக்கு 95 ரூபாய் ஆகிறது. முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போய் 24 நாள் மட்டும் சாப்பிட்டவர் 2,280 ரூபாய் கட்டுவார். எழுதிக் கொடுக்காமல் போனவர் சாப்பிடாத நாளுக்கும் கட்டுவார். இந்த ஒரு கணக்கு புரிந்துவிட்டால் மெஸ் குழுவில் ஒரு முறையாவது இருந்து பாருங்கள். காய்கறிச் சந்தைக்கு விடியற்காலையில் போவதும், "சாம்பார் தண்ணீராக இருக்கிறது" என்று அறுபது பேர் சொல்வதைக் கேட்டுக்கொண்டு சமையற்காரரிடம் அதை அவர் மனம் நோகாமல் எடுத்துச் சொல்வதும், மாதக் கடைசியில் ரசீதுகளை ஒட்டிக் கணக்கை அறிவிப்புப் பலகையில் போடுவதும் சின்ன வேலைகள் இல்லை.

துணி துவைப்பது, அறையைக் கூட்டுவது, தட்டைக் கழுவி வைப்பது ஆகியவை பெண்பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் வீட்டிலேயே பழக்கப்பட்டிருக்கும். ஆண்பிள்ளைகள் பலருக்கு இவற்றைக் கற்றுக்கொள்ளும் முதல் இடமே விடுதிதான். வார இறுதியில் அழுக்குத் துணியை மூட்டையாகக் கட்டி அம்மாவிடம் கொண்டுபோகிற வழக்கத்தை முதல் மாதத்திலேயே நிறுத்திவிடுவது நல்லது.

சுற்றியிருக்கும் மனிதர்கள்

முதல் வாரத்தில் யாரோடு உட்கார்கிறீர்களோ அவர்களோடுதான் பெரும்பாலும் மூன்றாண்டும் உட்கார்வீர்கள். ஊர்க்காரர், உறவுக்காரர், ஒரே சாதிக்காரர் என்று தெரிந்த முகத்தோடு ஒட்டிக்கொள்வது எளிது. பல கல்லூரிகளில் பெஞ்சு வரிசையே அப்படி அமைந்துவிடுகிறது. இன்னொரு மாவட்டத்திலிருந்து, இன்னொரு வாழ்க்கையிலிருந்து வந்த ஒருவரோடாவது வீட்டுக்குப் போய்ச் சாப்பிடும் அளவுக்குப் பழகவில்லை என்றால், ஊரிலேயே இருந்து அஞ்சல் வழியில் படித்திருந்தாலும் பெரிய வேறுபாடு இருந்திருக்காது.

சென்னையில் பேருந்துத் தடத்தின் பெயரால் 'ரூட்டு தல' என்று கூட்டம் சேர்ப்பதும், கூரையேறிக் கூச்சலிடுவதும், எதிர்க் கல்லூரி மாணவரோடு மோதுவதும் பழைய நோய். அன்றைய வீரம் அன்றோடு போய்விடும்; பதிவான வழக்கு, அரசு வேலைக்கும் கடவுச்சீட்டுக்கும் காவல்துறை சரிபார்ப்பு வரும்போது மீண்டும் எழுந்து நிற்கும்.

ராகிங் குறித்துத் தெளிவாக இருங்கள். 1996இல் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் ஒருவர் கொல்லப்பட்டதை அடுத்து, 1997இல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் இயற்றப்பட்டது. பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிமுறைகள் 2009இல் வந்தன. பாடச் சொல்வதும் பெயரைக் கேட்பதும் விளையாட்டாகத் தொடங்கலாம். உடலையும் பணத்தையும் சாதியையும் அது தொடும் அந்தக் கணத்தில் சொல்லிவிட வேண்டும். ராகிங் புகாருக்கான 1800-180-5522 என்ற எண் எந்நேரமும் இயங்குகிறது. பாலியல் தொல்லை என்றால் ஒவ்வொரு கல்லூரியிலும் இருக்க வேண்டிய உள்ளகப் புகார்க் குழுவிடம் எழுத்தில் கொடுங்கள், ஒரு நகலை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். மனச்சோர்வு வாரக்கணக்கில் நீடித்துத் தூக்கமும் சாப்பாடும் கெட்டால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். தன் காலில் நிற்பது என்பதற்கு யாரிடமும் உதவி கேட்காமல் இருப்பது என்று பொருள் கொண்டுவிடுகிறவர்களே அதிகம் துன்பப்படுகிறார்கள் என்பதால் இதைச் சொல்கிறேன்.

வீட்டாரோடு

பிள்ளை தானாக முடிவெடுக்கத் தொடங்கும்போது வீட்டில் உரசல் வரும். முதலாண்டிலேயே பெரிய விஷயத்தில் மோதாமல், சிறிய முடிவுகளைத் தானே எடுத்து, எடுத்த பிறகு சொல்லி, அவை நன்றாக முடிந்ததைக் காட்டிக் காட்டித்தான் பெரிய முடிவுக்கான இடத்தைப் பெற வேண்டும். எந்த விருப்பப் பாடத்தை எடுப்பது, மாநில அரசின் திறன் பயிற்சித் திட்டமான 'நான் முதல்வன்' வழங்கும் எந்தப் பயிற்சியில் சேர்வது என்பவை அப்படிப்பட்ட சிறிய முடிவுகள்.

மாணவியருக்கு இன்னொன்று உண்டு. இரண்டாம் ஆண்டின் நடுவில் "நல்ல வரன் வந்திருக்கிறது, படிப்பைக் கல்யாணத்துக்குப் பிறகு முடித்துக்கொள்ளலாம்" என்ற பேச்சு வீட்டில் எழுவது இன்றும் சாதாரணம். அப்போது அழுவதைக் காட்டிலும், எத்தனை செமஸ்டர் மீதி, எத்தனை மாதம், பட்டம் கிடைத்தால் எந்தெந்தத் தேர்வுகளை எழுதலாம் என்பதைத் தாளில் எழுதிக் காட்டுவது அதிகம் பலிக்கிறது. வீட்டில் மதிப்புள்ள ஒரு பெரியவரையோ பேராசிரியை ஒருவரையோ முன்பே உங்கள் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். வற்புறுத்தல் எல்லை மீறினால் 181 என்ற மகளிர் உதவி எண் இருக்கிறது. பதினெட்டு நிறையாதவர் என்றால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்.

இதைப் படிக்கும் பெற்றோர்க்கு ஒன்று: கட்டணத் தேதியையும் தேர்வுத் தேதியையும் நீங்கள் நினைவூட்டாதீர்கள். ஒரு முறை தாமதக் கட்டணம் கட்ட நேர்ந்தால் நேரட்டும். அந்தப் பணம் வீண் போகாது.

கடைசி ஆண்டு

ஐந்தாம் செமஸ்டர் தொடங்கும்போதே அடுத்தது என்ன என்ற கேள்வியை எடுத்துக்கொள்ள வேண்டும். முதுகலை, இரண்டாண்டு பி.எட்., போட்டித் தேர்வு, நேரடி வேலை என்று வழிகள் பிரியும். எல்லோரும் போகிறார்கள் என்பதற்காகப் பயிற்சி மையத்தில் பணம் கட்டிவிடாமல், உங்கள் துறையில் படித்து ஐந்தாண்டுக்கு முன் வெளியேறிய சிலரைத் தேடிப் பிடித்து, இப்போது என்ன செய்கிறார்கள், என்ன சம்பளம், எதை வேறு மாதிரி செய்திருப்பார்கள் என்று கேளுங்கள். துறைப் பேராசிரியர்களிடம் அவர்களின் தொடர்பு கிடைக்கும். வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை மூன்றாண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும் என்பதையும், தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் ஒருமுறைப் பதிவு ஐந்தாண்டுக்குச் செல்லும் என்பதையும் பழைய கோப்பின் உள்ளட்டையில் எழுதி வையுங்கள்.

கல்லூரியை விட்டு வெளியேறும்போது நூலகம், ஆய்வகம், துறை, விடுதி ஆகிய ஒவ்வோரிடத்திலும் நிலுவை இல்லை என்று கையொப்பம் வாங்கிய பிறகே மாற்றுச் சான்றிதழைத் தருவார்கள். அதோடு தற்காலிகப் பட்டச் சான்றிதழ், தொகுப்பு மதிப்பெண் பட்டியல், நன்னடத்தைச் சான்றிதழ் ஆகியவற்றையும் சேர்த்துப் பெற்றுக்கொள்ளுங்கள். தமிழ்வழியில் படித்தவர்கள் மறக்கவே கூடாத தாள் இன்னொன்று இருக்கிறது. தமிழ்வழியில் பயின்றோருக்கு மாநில அரசுப் பணிகளில் 20 விழுக்காடு முன்னுரிமை இட ஒதுக்கீடு உண்டு. அதற்கு முதல் வகுப்பிலிருந்தே தமிழ்வழியில் படித்ததாகப் படித்த ஒவ்வொரு நிறுவனத்திலும் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும். தேர்வு அறிவிப்பு வெளியான பிறகு அலைந்தால், தொடக்கப் பள்ளியில் தலைமையாசிரியர் விடுப்பில் இருப்பார், கல்லூரியில் பழைய பதிவேட்டைத் தேடவே ஒரு வாரம் ஆகும். ஆகவே கல்லூரியில் மாற்றுச் சான்றிதழுக்கு எழுதிக் கொடுக்கும் அதே நாளில் இதற்கும் ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுங்கள். அந்தக் கோடை விடுமுறையிலேயே ஊரில் உள்ள தொடக்கப் பள்ளிக்கும் மேல்நிலைப் பள்ளிக்கும் போய், படித்த ஆண்டுகளும் வகுப்புகளும் சரியாகக் குறிக்கப்பட்டிருக்கின்றனவா என்று அங்கேயே நின்று பார்த்து, முத்திரையோடு வாங்கி வாருங்கள்.